ஒன்பது மாவும் கணக்கில் வராத நாற்பது குழியும்: டெல்டாவில் நிலம் வாங்கும்போது எதிர்ப்படும் சிக்கல்கள்

குடமுருட்டிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான் பாபநாசம் வட்டத்தில் பிறந்து, இருபது ஆண்டுகளாகத் திருப்பூரில் வேலை பார்ப்பவன். சேமித்த பணத்தைச் சொந்த ஊர் நிலத்தில் போட வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். சென்ற மாதம் குடமுருட்டிப் பாசனத்தில் ஒன்பது மா (மூன்று ஏக்கருக்குச் சற்றுக் குறைவு) நஞ்சை விலைக்கு வந்தது. அக்கம்பக்கத்தில் நிலம் போகும் விலையைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்துச் சொன்னார்கள். ஆறு மாதக் கெடு வைத்துக் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்து, 3 லட்சம் ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டேன். அதன் பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரியவருகிறது.

நிலத்தை 1962-இல் கிரயம் வாங்கியவர் உயில் எழுதாமல் 1984-இல் காலமானார். அவருடைய மனைவியும் இப்போது இல்லை. பிள்ளைகள் நால்வர். பட்டா மூத்தவர் பெயரில் மட்டும் இருக்கிறது. இரண்டாமவர் கையெழுத்திடச் சம்மதிக்கிறார். மகளுக்குத் திருமணத்தின்போதே நகையும் சீரும் செய்துவிட்டதால் பங்கு கிடையாது என்கிறார்கள். கடைசி மகன் 1978-இல் மலேசியாவுக்குப் போனவர். 1990-களுக்குப் பிறகு அவரிடமிருந்து கடிதமே இல்லை. நிலத்தை ஒருவர் சாகுபடி செய்துகொண்டிருக்கிறார். அவருக்கு முன்பு அவருடைய தந்தை செய்தார். அவர் வெறுமனே பார்த்துக்கொள்பவர்தான் என்று விற்பவர்கள் சொன்னார்கள். வடகிழக்கு மூலைத் திடலில் இரண்டு குடும்பங்கள் வீடு கட்டிக்கொண்டு குடியிருக்கின்றன. மூலப் பத்திரத்தில் 9 மா 40 குழி என்றும், பட்டாவில் 1.20.5 ஹெக்டேர் என்றும் இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானா என்பதும் எனக்கு விளங்கவில்லை.

1975 முதல் எடுத்த வில்லங்கச் சான்றில் எதுவும் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் முன்பணம் கொடுத்தேன். இப்போது நான் எங்கிருந்து தொடங்க வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டக் கேட்டுக்கொள்கிறேன்.

மன்னார்குடி பத்திர எழுத்தர்

தம்பி, முதலில் மகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கேதான் மிகப் பெரிய தவறு நடக்கவிருக்கிறது. பெண்களுக்குச் சொத்துரிமை 1989-இல் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தத்தாலோ 2005-இல் மத்தியச் சட்டத் திருத்தத்தாலோதான் வந்தது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் திருத்தங்கள் பூர்விகக் கூட்டுக்குடும்பச் சொத்தைப் பற்றியவை. தகப்பனார் தம் சொந்தப் பணத்தில் கிரயம் வாங்கி, உயில் எழுதாமல் இறந்துபோன சொத்தில், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்திலிருந்தே மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கு உண்டு. 1962-இல் வாங்கியது அவருடைய சுயசம்பாத்தியம் என்றால், தாயாரும் காலமாகிவிட்ட நிலையில், நான்கில் ஒரு பங்கு அந்த அம்மாவுக்குரியது. நகையும் சீரும் அந்தப் பங்கை அழிக்காது. அவர் கையெழுத்தில்லாத கிரயத்தை நான் எழுதிக் கொடுக்க மாட்டேன்.

பட்டா மூத்தவர் பெயரில் வந்த விதமும் எனக்குப் புதிதன்று. 1979-இல் தொடங்கி 1980-களில் நடந்த யு.டி.ஆர். என்னும் நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது, விசாரணைக்கு வந்து நின்றவர் பெயரில் பட்டா ஏறிய ஊர்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். பட்டா என்பது வரி வசூலுக்கான பதிவு. அதுவே உரிமை மூலம் ஆகாது. பட்டாப் பிழையைத் தாசில்தாரிடமும், அவர் ஆணையின்மேல் கோட்டாட்சியரிடமும், பிறகு மாவட்ட வருவாய் அலுவலரிடமும் முறையிடலாம். உரிமையே தகராறு என்றால் உரிமையியல் நீதிமன்றம்தான்.

வில்லங்கச் சான்றை 1975-இலிருந்து மட்டும் பார்த்தால் போதாது. கணினியில் கிடைப்பது பெரும்பாலும் அங்கிருந்துதான். உங்கள் மூலப் பத்திரம் 1962-ஐச் சேர்ந்தது என்பதால், இடையிலுள்ள பதின்மூன்று ஆண்டுகளுக்கு அலுவலகத்தில் மனுக் கொடுத்துக் கையெழுத்துச் சான்று வாங்க வேண்டும். அந்தக் கிராமம் எப்போதாவது ஒரு சார்பதிவகத்திலிருந்து வேறொன்றுக்கு மாறியிருந்தால் இரண்டு இடத்திலும் தேட வேண்டும். பதிவாகிவிட்டாலே உரிமை வந்துவிட்டது என்றும் எண்ண வேண்டாம். விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று தீர்மானிக்கும் அதிகாரம் சார்பதிவாளருக்கு இல்லை என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், தமிழ்நாட்டுப் பதிவு விதிகளில் 55-ஏ(i) விதியைச் செல்லாததாக்கியபோது தெளிவாகச் சொல்லிவிட்டது. பார்க்க வேண்டிய கடமை வாங்குபவருடையது.

ஓய்வுபெற்ற நில அளவர்

அளவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தஞ்சைக் கணக்கில் ஒரு குழி 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. ஆகவே ஒரு மா 14,400 சதுர அடி, அதாவது 33 சென்ட்டுக்குச் சற்று மேல். ஒன்பது மாவை ஹெக்டேராக்கினால் 1.20.4 வரும். பட்டாவில் அரை ஏருக்கு (ஓர் ஏர் நூறு சதுர மீட்டர்) முழுமையாக்கி 1.20.5 என்று எழுதியிருப்பார்கள். கணக்குச் சரியாக இருக்கிறது, ஆனால் ஒன்பது மாவுக்கு மட்டும். மூலப் பத்திரத்திலுள்ள நாற்பது குழி, அதாவது 13 சென்ட்டுக்குச் சற்று மேற்பட்ட இடம், உங்கள் பட்டாவுக்குள் இல்லை.

பத்திரத்தில் இருந்து பட்டாவில் இல்லாத நிலம் காற்றில் கரைந்திருக்காது. வேறொரு உட்பிரிவு எண்ணில் வேறொருவர் பெயரில் நிற்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் ஊர் நிலங்களின் விவரம் எழுதிய 'அ' பதிவேட்டைப் பார்த்து, அந்தப் புல எண்ணின் எல்லா உட்பிரிவுகளையும் எழுதிக்கொண்டு, புலப்படத்தோடு ஒப்பிடுங்கள். புலப்படத்தில் உங்கள் நிலத்துக்குள் வாய்க்கால் போகிறதா, அது சர்க்கார் புறம்போக்கா பட்டா வாய்க்காலா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

வெட்டாற்றுப் பாசனம்

நான் ஒரு குத்தகை விவசாயியின் மகன். "வெறுமனே பார்த்துக்கொள்பவர்" என்ற சொல்லைப் படித்தவுடன் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் தந்தையையும் விற்பவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். அவர் முப்பத்தொரு ஆண்டுகள் அந்த நிலத்தில் நடவு நட்டவர். குத்தகை நெல்லை ஒவ்வோர் ஆண்டும் தையில் உடையவர் வீட்டு வாசலில் அளந்தார். ரசீது கேட்டதில்லை, கேட்கவும் கூசினார். நிலம் கைமாறியது எங்களுக்குத் தெரிந்தது, வாங்கியவர் எந்திரத்தோடு வந்து வரப்பை வெட்டத் தொடங்கிய அன்றுதான். தாளடிப் பயிர் அப்போது பொதி கட்டியிருந்தது. வாங்கியவரும் கெட்டவர் அல்லர். ஓய்வூதியப் பணத்தில் வாங்கியவர். வழக்கு ஒன்பது ஆண்டுகள் நடந்தது. அந்த ஒன்பது ஆண்டுகளில் என் தந்தையின் உடல்நிலையும் போயிற்று, வாங்கியவருடைய பணமும் முடங்கிற்று.

ஆகவே உங்களைக் கேட்டுக்கொள்வது இதுதான் ஐயா. விற்பவர்களை விட்டுவிட்டு நீங்கள் தனியாகப் போய், அந்த மனிதரின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுங்கள். எந்த ஆண்டு முதல் சாகுபடி, குத்தகையா வாரமா (விளைச்சலில் பங்கா), மாவுக்கு எத்தனை மூட்டை, யாரிடம் அளந்தார் என்று கேளுங்கள். கையில் ஆவணம் இல்லை என்று அவர் சொன்னாலும் அத்துடன் எழுந்துவிடாதீர்கள். அடங்கலில் (ஊர்ச் சாகுபடிக் கணக்கில்) அவர் பெயர் இருக்கலாம். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கியிருக்கலாம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் போடுவதற்குக் கிராம நிர்வாக அலுவலர் கொடுத்த சாகுபடிச் சான்று இருக்கலாம். பயிர்க் காப்பீட்டுக்கு எழுதிக் கொடுத்த தாளும் இருக்கலாம். இவை எல்லாமே சாட்சிகள்தாம்.

தஞ்சை வழக்கறிஞர்

முந்தைய பதிவை எழுதியவரின் தந்தைக்கு நேர்ந்ததைப் போன்ற வழக்குகளை வருவாய் நீதிமன்றத்தில் தொடர்ந்து நடத்திவருபவன் என்ற முறையில் சட்ட நிலையைச் சொல்கிறேன்.

1955-ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி, தம் உடலுழைப்பாலோ குடும்பத்தார் உழைப்பாலோ பிறர் நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்பவரை, அந்தச் சட்டம் சொல்லும் காரணங்களுக்காக, வருவாய் நீதிமன்றத்தின் ஆணை பெற்றுத்தான் வெளியேற்ற முடியும். குத்தகைப் பாக்கி, நிலத்தைக் கெடுத்தல், சாகுபடி அல்லாத காரியத்துக்குப் பயன்படுத்துதல், உடையவரின் உரிமையையே மறுத்தல் என்பவை அந்தக் காரணங்களுள் அடங்கும். நிலம் விற்கப்பட்டது என்பது அவற்றுள் ஒன்றன்று. எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. நடத்தையால் தெரியவரும் குத்தகையும் குத்தகைதான். குத்தகைதாரர் இறந்தால், தாமே உழைத்துச் சாகுபடியைத் தொடரும் வாரிசுக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. உங்கள் நிலத்தில் இருப்பவர் இரண்டாம் தலைமுறை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வட்டாட்சியர் அலுவலகத்தில் குத்தகை உரிமைப் பதிவேடு ஒன்று உண்டு. அதில் அவர் பெயர் இருக்கிறதா என்று பார்த்து நகல் வாங்குங்கள். பெயர் இல்லாவிட்டாலும் சாகுபடி உண்மை என்றால் அவர் எந்நாளும் பெயர் சேர்க்க விண்ணப்பிக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். மேலும், 1956-ஆம் ஆண்டின் நியாயக் குத்தகைச் சட்டப்படி இன்று உடையவருக்குரிய பங்கு விளைச்சலில் நான்கில் ஒன்று மட்டுமே. குத்தகைதாரர் இருக்கும் நிலையிலேயே நிலத்தை வாங்கினால் உங்கள் முதலீட்டுக்கு ஆண்டுதோறும் வரக்கூடியது அவ்வளவுதான் என்று கணக்கிட்டே விலை பேச வேண்டும்.

திடலில் குடியிருக்கும் இரண்டு குடும்பங்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் அது முக்கியமானது. 1971-ஆம் ஆண்டின் குடியிருப்பு அனுபோகதாரர் சட்டம், 19.6.1971 அன்று பிறர் நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளருக்கும் விவசாயிக்கும் அந்த மனையின் உரிமையையே வழங்கிவிட்டது. அந்தக் குடும்பங்களின் பாட்டனாரோ தந்தையோ அன்றைய தேதியில் அங்கே குடியிருந்திருந்தால், உங்களுக்கு விற்பவர்களிடம் விற்பதற்கு அந்த மனை இல்லவே இல்லை. வாக்காளர் பட்டியல், வீட்டு வரி ரசீது, பழைய குடும்ப அட்டை ஆகியவற்றைப் பாருங்கள்.

குடமுருட்டிக்கரை

அனைவருக்கும் நன்றி. நில அளவர் ஐயா சொன்னபடி 'அ' பதிவேட்டைப் பார்த்தேன். நாற்பது குழி தனி உட்பிரிவாக, பிடாரி கோயில் என்ற பெயரில் இருக்கிறது. நேரில் போய்ப் பார்த்தால் ஒரு வேப்பமரமும், அடியில் நட்ட சூலமும், பக்கத்தில் சிறிய மண்டபமும் இருக்கின்றன. அது நிலத்தோடு சேர்ந்த தோட்டம் என்றுதான் எனக்குக் காட்டியிருந்தார்கள். மூலப் பத்திரத்தில் இருப்பதால் அதைக் கேட்டுப் பெறலாம் என்கிறார் மூத்தவர். அது சரியா?

சாகுபடி செய்பவரையும் பார்த்துப் பேசினேன். 1971-இல் அவர் தந்தை தொடங்கியது. குத்தகைப் பதிவேட்டில் பெயர் இல்லை. ஆனால் அடங்கலில் பல ஆண்டுகள் இருக்கிறது. "பெரியவர் இருந்தவரை யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை, இப்போது நீங்கள் வந்திருக்கிறீர்கள், நீங்களே சொல்லுங்கள்" என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கும்பகோணம் மேலவீதி

கோயில் இடத்தைக் கேட்டுப் பெறும் எண்ணத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். 1962-க்கு முந்தைய உடையவர் கோயில் இடத்தையும் சேர்த்து எழுதிக் கொடுத்திருக்கலாம். அப்படி எழுதிக் கொடுத்ததனால் அது அவருடையதாகிவிடாது. 1959-ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம் 34-ஆம் பிரிவின்படி, ஆணையரின் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்பதும், அடமானம் வைப்பதும், ஐந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட குத்தகைக்கு விடுவதும் செல்லாது. பிறர் நிலத்தைப் பன்னிரண்டு ஆண்டுகள் எதிரிடையாக அனுபவித்து உரிமை கொண்டாடும் வழியும் அந்தச் சட்டத்தால் கோயில் நிலத்தில் அடைக்கப்பட்டுவிட்டது.

இதை நான் பட்டறிந்து சொல்கிறேன். பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பு இங்கே ஒரு வீடு வாங்கினேன். பத்திரத்தில் "கட்டடமும் அடிமனை அனுபவ பாத்தியமும்" என்று எழுதியிருந்தது. படித்தேன், ஆனால் அதன் பொருளைக் கேட்கவில்லை. மனை கோயிலுடையது என்பதும், ஆண்டுதோறும் பகுதி (மனை வாடகை) கட்ட வேண்டும் என்பதும், அந்தப் பகுதியைக் காலத்துக்கேற்ப உயர்த்துவார்கள் என்பதும், வங்கியில் கடன் கேட்கப் போனபோதுதான் தெரிந்தன. வங்கி மறுத்துவிட்டது. நான் மனைக்கும் சேர்த்துத்தான் விலை கொடுத்திருந்தேன். இந்த ஊர்களில் கோயிலுக்கும் மடத்துக்கும் சத்திரத்துக்கும் உரிய நிலம் எவ்வளவு என்பது பிறந்து வளர்ந்தவர்களுக்கே முழுதும் தெரியாது. பழைய பதிவேட்டில், கோயிலுக்கோ கோயில் ஊழியத்துக்கோ விட்ட நிலத்தைக் குறிக்கும் தேவதாயம், ஊழிய மானியம் என்ற சொற்களில் ஒன்று கண்ணில் பட்டாலே நின்றுவிட வேண்டும். அறநிலையத் துறை 2021-இலிருந்து கோயில் நில ஆவணங்களை இணையத்தில் வெளியிட்டுவருகிறது. அதைப் பார்ப்பதோடு, அந்தக் கோயிலின் செயல் அலுவலரிடமும் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள்.

திருச்சி முதலீட்டாளர்

மாற்றுக் கருத்து ஒன்றைப் பதிவு செய்ய விரும்புகிறேன். இப்படி ஒவ்வொருவரும் ஒவ்வோர் ஆபத்தைச் சொன்னால் டெல்டாவில் யாரும் நிலமே வாங்க முடியாது. சிக்கல் இருப்பதால்தான் விலை குறைந்திருக்கிறது. அந்த விலைக்கு வாங்கி, சிக்கலைத் தீர்ப்பதில்தான் முதலீட்டாளரின் திறமையும் இலாபமும் இருக்கின்றன. கோயில் இடத்தை விலக்கிவிட்டு மீதியை வாங்குங்கள். சாகுபடி செய்பவருக்கு ஒரு தொகை கொடுத்து எழுதி வாங்குங்கள். பாபநாசம் பக்கம் சாலையை ஒட்டியிருந்தால் சில ஆண்டுகளில் மனையாகவும் போடலாம். நான் நான்கு இடங்களில் இப்படிச் செய்திருக்கிறேன்.

தஞ்சை வழக்கறிஞர்

சிக்கலைத் தீர்த்து இலாபம் காண்பதில் தவறில்லை; வரிசைதான் கேள்வி. கிரயத்துக்கு முன்பு தீர்க்கும்போது, தீர்வுக்கு ஆகும் செலவு விற்பவரின் விலையிலிருந்து கழிகிறது. கிரயத்துக்குப் பிறகு தீர்க்கும்போது அது வாங்கியவரின் கையிலிருந்து போகிறது. மேலும், முழு விலையும் கைக்கு வந்துவிட்ட விற்பனையாளர், சாட்சி சொல்லக்கூட நீதிமன்றத்துக்கு வருவதில்லை என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மனை போடுவது பற்றி எச்சரிக்கை தேவை. நஞ்சையை மனையாக்க நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதியும், அதற்கு முன்பு மாவட்ட ஆட்சியரின் இசைவும் வேண்டும். பாசனமும் வடிகாலும் நடப்பிலுள்ள நிலத்துக்கு அது எளிதில் கிடைப்பதில்லை. கிடைக்கவும் கூடாது என்பது என் கருத்து, ஏனென்றால் நடுவே ஒரு தாக்கு (வயல் துண்டு) மண் கொட்டி உயர்ந்தால் மேட்டுப்பக்கத்து வயல்களில் தண்ணீர் வடியாது. அனுமதியில்லாமல் போட்ட மனைகளை வரன்முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டு விதிகள், 20.10.2016-க்கு முன்பு உருவான மனைப்பிரிவுகளுக்கே பொருந்தும். இனிமேல் போடுவதற்கு அந்த வழி இல்லை. 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வீட்டுமனையையும் தடுத்துவிட்டது என்று சிலரும், அது ஒன்றையுமே தடுக்கவில்லை என்று சிலரும் சொல்வதைக் கேட்கிறேன். புதிதாக எண்ணெய், எரிவாயு எடுப்பதையும் அதன் அட்டவணையிலுள்ள தொழில்களையும் அது தடுக்கிறது. மனைப்பிரிவுக்கு உரிய கட்டுப்பாடுகள் வேறு சட்டங்களில் இருக்கின்றன.

ஈப்போவில் வாழும் நாகைக்காரர்

மலேசியாவுக்கு வந்த தம்பியைப் பற்றி எழுதுகிறேன். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம் எங்களுடையது. ஊரில் எங்கள் தாத்தாவைக் "காணாமற்போனவர்" என்று எழுதித்தான் நிலத்தை விற்றார்கள். அவர் இங்கே ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்து, ஆறு பிள்ளைகளைப் பெற்று, எண்பது வயது வரை வாழ்ந்தார். கடிதம் நின்றதற்குக் காரணம் அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாததும், எழுதிக் கொடுத்துவந்த கங்காணி இறந்துபோனதும்தான்.

ஏழு ஆண்டுகள் ஒருவரைப் பற்றிய தகவலே இல்லை என்றால் இறந்தவராகக் கருதலாம் என்பது 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்திலேயே இருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2023-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இருக்கிறது. ஆனால் இறந்தார் என்று கருதுவதால் அவருக்கு மனைவி மக்கள் இல்லை என்று ஆகிவிடாது. அவர் பங்கு அண்ணன்மாருக்குப் போகாமல் அவருடைய பிள்ளைகளுக்கு வந்திருக்கலாம். ஆகவே முதலில் தேடுங்கள். பழைய கடித உறையில் முகவரி இருக்கும். அஞ்சல் முத்திரையில் ஊர்ப்பெயர் இருக்கும். அந்த ஊர்க் கோயில் நிர்வாகத்துக்கு எழுதினாலே பல குடும்பங்களைக் கண்டுபிடித்துவிடலாம். நானும் உதவத் தயாராக இருக்கிறேன்.

கிடைத்தால், இந்தியத் தூதரகத்திலோ நோட்டரி முன்பாகவோ அதிகார ஆவணம் எழுதி அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைத்தாள் கட்டணம் செலுத்தியாக வேண்டும். அந்தக் கெடுவை என் உறவினர் ஒருவர் தவறவிட்டு மறுபடியும் எல்லாவற்றையும் எழுத நேர்ந்தது.

காரைக்கால் வாசகி

இதைப் படிப்பவர்களில் யாராவது காரைக்கால் பக்கம் வாங்குவதாக இருந்தால் ஒன்று சொல்ல வேண்டும். ஆற்றுப் பாசனம் ஒன்றாக இருந்தாலும் இங்கே ஆட்சியும் பதிவுமுறையும் புதுச்சேரியுடையவை. மேலே சொன்ன தமிழ்நாட்டுச் சட்டங்களை அப்படியே இங்கே பொருத்திப் பார்க்கக் கூடாது. பிரெஞ்சுக் காலத்து நொத்தேர் (நோட்டரி) பத்திரங்கள் இன்னும் மூலப் பத்திரங்களாக இருக்கின்றன. பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றுக்கொண்ட ரெனோன்சான் குடும்பங்களுக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தாது. பிரெஞ்சு படிக்கத் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

வெட்டாற்றுப் பாசனம்

இன்னொன்று விட்டுப்போயிற்று. பார்வையிட எந்த மாதம் போனீர்கள் ஐயா? சித்திரையில் போனால் எல்லா வயலும் வழிதான்; கார் கூடத் தாக்கின் நடுவே போய் நிற்கும். ஐப்பசியிலோ கார்த்திகையிலோ போய்ப் பாருங்கள். அறுவடை எந்திரம் யாருடைய வயலைத் தாண்டி உள்ளே வருகிறது, வாய்க்கால் தண்ணீர் யாருடைய மடையைக் கடந்து வருகிறது, மழைத் தண்ணீர் எந்த வடிகாலில் இறங்குகிறது என்பவை அப்போதுதான் தெரியும். வண்டிப்பாதை புலப்படத்தில் இல்லை என்றால், பக்கத்து வயல்காரர்களின் மனம் கோணாமல் இருப்பதுதான் உங்கள் பாதை. கொள்ளிடத்துப் படுகை நிலம் மலிவாக வருகிறது என்று இதே தளத்தில் ஒருவர் கேட்டிருந்தார். 2018, 2022 ஆகிய ஆண்டுகளின் ஆகஸ்டு வெள்ளத்தில் அந்தப் படுகையில் தண்ணீர் எங்கே நின்றது என்று கரையிலுள்ள முதியவரிடம் கேட்டுவிட்டு அவர் முடிவெடுக்கட்டும்.

குடமுருட்டிக்கரை

ஐந்து மாதங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

அந்த அம்மாவை, விற்பவர்களின் சகோதரியை, மயிலாடுதுறையில் போய்ப் பார்த்தேன். நிலம் விலைக்கு வந்திருப்பதே அவருக்குத் தெரியாது. கையெழுத்திடச் சம்மதித்திருக்கிறார். நான்கில் ஒரு பங்குத் தொகை அவருடைய வங்கிக் கணக்குக்கே நேராகச் செல்லும் என்று எழுத்தில் உறுதி செய்துள்ளோம். அண்ணன்மார் இரண்டு வாரம் என்னிடம் பேசவில்லை, பிறகு ஒப்புக்கொண்டார்கள்.

கோயிலின் நாற்பது குழியைத் தபசிலிலிருந்து (பத்திரத்தின் சொத்து விவரத்திலிருந்து) நீக்கிவிட்டோம். நான்கெல்லையில் தெற்கே பிடாரி கோயில் இடம் என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். திடலில் உள்ள இரு குடும்பங்களும் மூன்று தலைமுறையாக இருப்பவர்கள். பழைய வீட்டு வரி ரசீதை ஒரு தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார்கள். அவர்கள் மனையை அளந்து உட்பிரிவு செய்து ஒதுக்கிவிட்டு, அதற்குரிய தொகையைக் கிரய விலையில் கழித்திருக்கிறோம்.

சாகுபடி செய்பவரோடு நான்கு முறை உட்கார்ந்து பேசினோம். கடைசியில் மூன்று மா அவருக்கு என்று முடிவாயிற்று. அதை விற்பவர்களே நேராக அவர் பெயருக்குக் கிரயம் எழுதிக் கொடுப்பார்கள். நான் வாங்கி மறுபடியும் எழுதிக் கொடுத்தால் முத்திரைத்தாளுக்கு 7 விழுக்காடும் பதிவுக்கு 2 விழுக்காடும் இரண்டு முறை கட்ட வேண்டியிருக்கும் என்று பத்திர எழுத்தர் ஐயா தனிச்செய்தியில் நினைவூட்டினார். சாகுபடி செய்பவர், எஞ்சிய நிலத்தில் தமக்குக் குத்தகை உரிமை இல்லை என்று வட்டாட்சியர் முன்பாக எழுதிக் கொடுக்கிறார். ஆயினும் என் நிலத்தையும் அவரே சாகுபடி செய்ய வேண்டும் என்று நான் விரும்பினேன். அப்படிச் செய்தால் அது புதிய குத்தகையாகிவிடும் என்று வழக்கறிஞர் ஐயா விளக்கியதால், அது குத்தகை என்றே தெரிந்து, எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, ரசீதோடு நடத்துவது என்று தீர்மானித்திருக்கிறேன். நான் திருப்பூரில் இருந்துகொண்டு உழ முடியாது. அவர் அந்த மண்ணை அறிந்தவர்.

விற்பவர்களின் தம்பி 2009-இலேயே ஈப்போவுக்கு அருகில் காலமாகிவிட்டார். நாகைக்கார ஐயாவின் உதவியால் அவருடைய மனைவியையும் இரு பிள்ளைகளையும் கண்டுபிடித்தோம். அவர்கள் மலேசியக் குடிமக்கள் என்பதால், விற்ற பணத்தை அனுப்புவதற்கான அந்நியச் செலாவணி விதிகளைப் பட்டயக் கணக்கர் ஒருவர் பார்த்துவருகிறார். அதிகார ஆவணம் இன்னும் வரவில்லை. அதற்காக ஒப்பந்தக் கெடுவை மேலும் ஆறு மாதத்துக்கு நீட்டித்து, அந்த நீட்டிப்பையும் பதிவு செய்திருக்கிறோம்.

சாகுபடி செய்பவருக்கு விடும் மூன்று மாவின் விலையையும் நானே ஏற்கிறேன். ஆகவே எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் என் பங்கில் மா ஒன்றுக்கு ஆகும் விலை அக்கம்பக்கத்து விலைக்கே வந்து நிற்கிறது. தொடக்கத்தில் எனக்குக் குறைவாகத் தெரிந்த அந்த மூன்றில் ஒரு பங்கு யாருடையது என்று இப்போது பெயர் சொல்லி என்னால் சொல்ல முடியும்.

சம்பா அறுவடை முடிந்ததும் தை கடைசியில் நில அளவை வைத்திருக்கிறோம். அன்று நான் கவனிக்க வேண்டியவை ஏதேனும் இருந்தால் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற நில அளவர்

அளக்கும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே நான்கு எல்லைக்காரர்களுக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். கல் நடும்போது சாகுபடி செய்பவரும், திடலில் குடியிருக்கும் இரு குடும்பத்தாரும், கோயில் பூசாரியும் அருகில் இருக்கட்டும். புலப்படத்தின் நகலை நீங்களே கையில் வைத்துக்கொண்டு, மூன்று எல்லைகள் கூடும் முச்சந்திக் கல்லிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். கல் நட்ட பிறகு எல்லாருடைய கையெழுத்தையும் அங்கேயே, களத்திலேயே வாங்கிவிடுங்கள்.

வெட்டாற்றுப் பாசனம்

தை கடைசியில் வயலில் உளுந்து முளைத்திருக்கும். சங்கிலியை வரப்போரமாகவே பிடிக்கச் சொல்லுங்கள் ஐயா.